வாசற்படியில் நின்ற குழந்தை

பெருநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் ஓர் இளைஞர் வந்து ஸலாம் உரைத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடப் போகும்போது பையனையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா ஹஜ்ரத்? பார்த்துக் கத்துக்கட்டுமே" என்று வினவினார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அவருடைய சட்டை நுனியைப் பற்றியபடி நின்றான். நான் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை. "தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். பள்ளிவாசலுக்கு அழைத்து வருகிறீர்கள்; அதைப் போன்றதே இதுவும்" என்று விடையிறுத்துவிட்டுச் செருப்பைக் கண்டெடுத்தேன். ஒரு வினாவுக்கு விடை கூறுமுன் அதன் நான்கு பக்கங்களையும் பார்க்க வேண்டும் என்று மாணவர்க்கு நாள்தோறும் வலியுறுத்துபவன் நின்ற நிலையில் கொடுத்த விடை அது. அடுத்த வெள்ளியன்றே அவ்விடையின் குறையை நானே அறியும்படி ஆயிற்று.

2024 ஏப்ரல் 19. தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஜும்ஆவுக்கு முன்னரே கடமையை முடித்துவிட எண்ணிக் காலையிலேயே புறப்பட்டேன். எட்டு வயதுப் பேத்தி தானும் வருவதாகக் கூறி எனக்கு முன்னே வாசலில் நின்றாள். எங்கள் இல்லம் அயனம்பாக்கத்தில். அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே, ஏரியை ஒட்டிய ஊர். வழியெல்லாம் அவள் கேட்ட வினாக்களுக்கு அளவில்லை. ஓட்டு என்றால் என்ன? ஒருவருக்கு எத்தனை? பணக்காரருக்கு இரண்டு உண்டா? கடைசி வினாவுக்கு நான் விடை கூற வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரிசையே கூறிற்று. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளர் எனக்கு முன்னால் நின்றார்; அக்குடியிருப்பில் இரண்டு வீடுகளுக்குச் சொந்தக்காரர் எனக்குப் பின்னால் நின்றார். பக்கத்துப் பெண்கள் வரிசையில் எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மையாரும், அவரிடம் நாள்தோறும் விலை பேசிச் சண்டையிடும் அம்மையாரும் அடுத்தடுத்து நின்று வெயிலைக் குறை கூறிக்கொண்டிருந்தனர். பேத்தி இவற்றையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தாள். அழைத்து வந்தது நன்றே என்று என் மனம் நிறைந்தது.

அறையின் வாசலை அடைந்தோம். அங்கிருந்த அலுவலர் இளம் பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருத்தல் வேண்டும், குரலில் அந்தப் பழக்கம் தெரிந்தது.

"ஐயா, பாப்பா வெளியில நிக்கட்டும். கைக்குழந்தைக்கு மட்டுந்தான் அனுமதி."

நான் விட்டுவிடவில்லை. பேத்தியின் கையை உயர்த்திக் காட்டி, "கையைப் பிடித்திருக்கும் குழந்தையும் கைக்குழந்தைதானே அம்மா" என்றேன். சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது எங்கள் வகுப்பறைப் பழக்கம். பின்னால் நின்றவர் சிரித்தார். அப்பெண்மணியும் சிரித்தார். பிறகு கேட்டார்:

"பாப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா ஐயா?"

"மிக நன்றாகப் படிப்பாள்" என்றேன், பாட்டனுக்குரிய பெருமிதத்தோடு.

"அப்ப வெளியிலதான் நிக்கணும்."

மறுமொழி கூற என்னிடம் ஒன்றும் இல்லை. காவலுக்கு நின்ற பெண் காவலர் பேத்தியைத் தம் அருகில் வாசற்படியில் நிறுத்திக்கொண்டார். நான் மட்டும் உள்ளே சென்றேன்.

அந்த அலுவலர் கூறியது அவருடைய சொந்தக் கண்டிப்பு அன்று. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள், வாக்குச்சாவடிக்குள் எவரெவரை அனுமதிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருகின்றன. வாக்குச் சீட்டு முறைக்கு 32-ஆம் விதி. மின்னணு இயந்திரத்துக்கு 49-டி விதி. அலுவலர்கள், பணியிலுள்ள அரசு ஊழியர்கள், வேட்பாளர்கள், அவர்தம் முகவர்கள் என்று செல்லும் அப்பட்டியலில் வாக்காளரோடு வரும் கைக்குழந்தைக்கும் ஓர் இடம் உண்டு. பார்வையற்றவருக்கும் தள்ளாதவருக்கும் துணையாக வருபவருக்கும் இடம் உண்டு. நடக்கும் குழந்தைக்கு, பள்ளி செல்லும் குழந்தைக்கு, அங்கே இடமில்லை. நடைமுறையில் பல சாவடிகளில் அலுவலர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றனர் என்பதும் உண்மையே. அந்தச் சலுகையையே உரிமை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு சட்டத்தைக் கண்டால் அதன் 'இல்லத்'தைத் தேடுவது ஃபிக்ஹு பயின்றோர் வழக்கம். எந்தக் காரணத்தின் மீது அச்சட்டம் நிற்கிறதோ அதற்கே இல்லத் என்று பெயர். கைக்குழந்தைக்குக் கதவைத் திறந்த சட்டம் எட்டு வயதுக் குழந்தைக்கு ஏன் அடைத்தது? இடநெருக்கடியா, கூச்சலா? அவ்வாறாயின் கைக்குழந்தைதான் அதிகம் கூச்சலிடும். பார்வையற்றவருக்குத் துணை வருபவரைப் பற்றிய 49-என் விதியை இதனோடு இணைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். அத்துணைவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். தாம் பதிவு செய்த வாக்கை வெளியிடமாட்டேன் என உறுதிமொழி தருதல் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மேல் எவருக்கும் அவர் துணையாதல் கூடாது. ஆக, பிறர் வாக்கைக் காணக்கூடியவர் எவராயினும் அவர் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவராதல் வேண்டும். கைக்குழந்தை கண்டாலும் அறியாது, அறிந்தாலும் கூறாது. எட்டு வயதுக் குழந்தையோ சின்னத்தைக் காணும், பெயரைப் படிக்கும், வெளியே வந்து கூறும். ஆனால் அதை உறுதிமொழியால் கட்டவும் இயலாது. நம் சட்ட நூல்களின் மொழியில் கூறின், அது 'முமய்யிஸ்', பிரித்தறியும் பருவத்தை எய்திய குழந்தை. 'முகல்லஃப்', கடமையால் பிணைக்கப்பட்டவர், அன்று. அறிவு வந்துவிட்டது, பொறுப்பு இன்னும் வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளையே அந்த வாசற்படி குறிக்கிறது. "படிக்கத் தெரியுமா?" என்ற ஒரே வினாவில் அந்த அம்மையார் இல்லத்தைத் தொட்டுவிட்டார். என் சொல் விளையாட்டு அதன்முன் நிற்கவில்லை.

உள்ளே முதல் அலுவலர் என் பெயரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, நெடுங்காலம் மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு அதை எழுதுகிறேன்.

1977 மார்ச்சு மாதம். எனக்கு ஒன்பது வயது. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் சிற்றூர். நெருக்கடி நிலையின் இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தல் அது. அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அத்தா என்னை உடன் அழைத்துச் சென்றார். எவரும் தடுக்கவில்லை. துணி மறைப்புக்குள் அத்தாவின் இடுப்பளவு உயரத்தில் நானும் நின்றேன். அவர் முத்திரையை மையில் தோய்த்துச் சீட்டில் பதித்ததையும், மை பரவாதிருக்க அதை மடித்த விதத்தையும், இரும்புப் பெட்டியின் பிளவில் அதை நுழைத்ததையும் கண்டேன். எந்தச் சின்னத்துக்கு நேரே முத்திரை விழுந்தது என்பதையும் கண்டேன். எனக்கும் படிக்கத் தெரியும் அல்லவா! அன்று மாலைக்குள் தெரு முழுவதும் கூறிவிட்டேன். பெருமைக்குரிய செய்தி என்றே எண்ணினேன்.

அத்தாவுக்கு மாதக் கணக்கில் அரிசியும் பருப்பும் கடன் தந்து வந்த கடைக்காரர் வேறு கட்சிக்காரர். அவர் ஒன்றும் கூறவில்லை. அடுத்த வாரம் பழைய கணக்கை முடித்துவிட்டுப் புதுக் கணக்கு எழுதலாமே என்றார். முடிக்கப் பணம் ஏது? அதன் பின்னர்ப் பல மாதங்கள் அத்தா அடுத்த ஊர்க் கடைக்கு நடந்து சென்று, கையில் இருந்த காசுக்கு இருந்த அளவு வாங்கிவந்தார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்ததில்லை. காரணம் இன்னதென்று எனக்குச் சொன்னதும் இல்லை. பெரியவனான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். இரகசிய வாக்கு என்னும் ஏற்பாடு அரசியல் நூலில் படிக்கும் ஒரு தத்துவம் என்று எவரேனும் கூறினால், அரிசிப் பையோடு அத்தா நடந்துவந்த அந்த வரப்பே என் கண்முன் வரும். அல்லது, வந்திருக்க வேண்டும். 47 ஆண்டுகள் கழித்து ஒரு வாசற்படியில் நின்று வாதிடும்போது அது வரவில்லை என்பதே என் வெட்கம்.

தமிழகத்துப் பழைய தேர்தல் ஒன்றிலும் ஒரு சிறுவன் நிற்கிறான். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வாசகர்கள் அறிவர். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஆகார் என்றெல்லாம் விதிகள். அது எல்லாருக்கும் உரிய தேர்தல் அன்று. பிராமணர் ஊர்ச்சபை ஒன்றின் ஏற்பாடு. பெண்களுக்கும் உழுதவர்க்கும் அதில் பங்கில்லை. இதை மறந்துவிட்டு மக்களாட்சி நம்மிடமே தோன்றியது என மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனினும் அம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. சிறியோர் முதல் முதியோர் வரை அனைவரும் கூடிய அவையில், கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி மத்தியஸ்தர் படிப்பார். பின்னர் நம்பிமார் அனைவரும் படிப்பர்.

விரித்த விரல்களுக்குள் வேறோர் ஓலையை மறைக்க இயலாது. அறியாத சிறுவனின் கை ஒரு பக்கம் சாயாது. பெரியவர்களின் கையை நம்பாத பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு! பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் சிறுவனை அவைக்கு நடுவே நிறுத்தியது அவனுடைய அறியாமை. இன்று கைக்குழந்தையை உள்ளே விடுவதும் அதன் அறியாமையே. இரண்டு இடத்திலும் அறிந்த குழந்தைக்கு வேலை இல்லை. நாமோ குழந்தை அறிய வேண்டும் என்பதற்காகவே அழைத்துச் செல்கிறோம். இங்கேதான் முடிச்சு விழுகிறது. குழந்தை அறிய வேண்டியது எது? அறியாதிருக்க வேண்டியது எது?

நபிமொழித் தொகுப்புகளில் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சிகள் இரண்டு உண்டு. இமாம் புகாரி தம் நூலில் ஆட்சி பற்றிய பகுதியில், சிறுவரின் பைஅத் என்றே ஒரு தலைப்பிட்டிருக்கிறார். பைஅத் என்பது தலைமையை ஏற்று அளிக்கும் உறுதிமொழி. இன்றைய வாக்கும் அதுவும் ஒன்றென நான் கூறமாட்டேன், வேறுபாடுகள் பல. ஆயினும் ஒரு மனிதர் தம் சம்மதத்தைத் தாமே வந்து தெரிவிக்கும் செயல் என்ற அளவில் ஒப்புமை உண்டு. ஸைனப் பின்த் ஹுமைத் (ரலி) என்னும் அம்மையார் தம் சிறுவயது மகன் அப்துல்லாஹ் இப்னு ஹிஷாமைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் அழைத்துவந்து, இவனிடம் பைஅத் பெற்றுக்கொள்ளுங்கள் என வேண்டினார். இவர் சிறியவர் என்று கூறிப் பெருமானார் அதனை ஏற்கவில்லை. அக்குழந்தையின் தலையைத் தடவி, அருள்வளம் வேண்டிப் பிரார்த்தித்தார்கள். மற்றொரு நிகழ்ச்சி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. ஸுபைர் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வை ஏழெட்டு வயதில் பைஅத் அளிக்க அனுப்பிவைத்தார். அச்சிறுவன் தம்மை நோக்கி வருவதைக் கண்ட பெருமானார் புன்னகைத்து, அதனை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருவருக்கு மறுப்பு, மற்றவருக்கு ஏற்பு. என் மாணவர் சிலர் இதனை முரண்பாடு என்பர். நான் அவ்வாறு காணவில்லை. முதலாமவரைத் தாய் கொண்டுவந்தார், பேசியவரும் தாயே. இரண்டாமவர் தந்தை சொற்படி வந்தவராயினும் தாமே நடந்துவந்தார். இது என் கருத்து. உரையாசிரியர்கள் வேறு காரணங்களும் காட்டலாம். எனக்குப் பிடித்தது அந்த மறுப்பின் விதம். சிறியவர் என்று மறுத்த அதே கை அக்குழந்தையின் தலையைத் தடவிற்று. செயலுக்குள் இடமில்லை; அவையில் இடம் உண்டு. அயனம்பாக்கத்து அலுவலரும் ஏறத்தாழ அதையே செய்தார் என்று பிறகுதான் எனக்குத் தோன்றிற்று. பேத்தியை அவர் வீட்டுக்கு விரட்டவில்லை, படியில் நிறுத்தினார். அங்கிருந்து அவள் என் பெயர் கூப்பிடப்பட்டதைக் கேட்டாள். முகவர்கள் தம் பட்டியலில் கோடிட்டதைக் கண்டாள். இடக்கைச் சுட்டுவிரலில் மை இடப்பட்டதையும், பதிவேட்டில் நான் கையெழுத்திட்டதையும் கண்டாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் நின்ற சில நொடிகளில் என் முதுகை மட்டும் கண்டாள். நீண்ட 'பீப்' ஒலியைக் கேட்டாள். காண வேண்டியவை எல்லாம் அவ்வளவே.

இடையே ஒன்று. தேர்தல்தோறும் எவரேனும் ஒருவர் இந்த மை உளூவைத் தடுக்குமா என்று கேட்காமல் இருப்பதில்லை. வெள்ளி நைட்ரேட்டு கலந்த மை அது. 1962 பொதுத் தேர்தல் முதல் வழக்கில் உள்ளது. தோலோடு வினைபுரிந்து கறையாகிறதே தவிர, நீரைத் தடுக்கும் படலமாக மேலே நிற்பதில்லை. மருதாணி நிறத்துக்கு என்ன சட்டமோ அதுவே இதற்கும். தயக்கமின்றித் தொழலாம்.

நிற்க. திரும்பி நடக்கையில்தான் உண்மையான சோதனை தொடங்கிற்று.

"நன்னா, யாருக்குப் போட்டீங்க?"

"அது சொல்லக்கூடாதம்மா."

"சொன்னா போலீஸ் பிடிச்சுடுமா?"

பிடிக்காது. இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கட்டளையிடுவது அலுவலர்களுக்கும் முகவர்களுக்கும். யாருக்கு வாக்களித்தாய் என வாக்காளரை எவரும் வற்புறுத்திக் கேட்டல் கூடாது என்கிறது 94-ஆம் பிரிவு. வெளியே வந்தபின் அவராக விரும்பிக் கூறினால் தடையில்லை. ஆகவே பேத்தியிடம் சட்டத்தின் பெயரால் நான் தப்பிக்க இயலவில்லை. பொய்யான ஒரு பெயரைக் கூறிச் சமாளிக்கலாமா? குழந்தையை வா என்றழைத்து ஒன்று தருகிறேன் என்று கூறிய தாயிடம், என்ன தர எண்ணினீர் என்று பெருமானார் (ஸல்) வினவியதையும், பேரீச்சம்பழம் என்ற மறுமொழி கேட்டு, ஒன்றும் தராதிருந்தால் அது உம்மீது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்ததையும் அபூதாவூதில் பாடம் நடத்துபவன் நான். பொய்க்கு இடமில்லை. "நன்னா மட்டும் வைத்துக்கொள்கிற ஒன்று அது" என்றேன்.

சிறிது தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, "அந்த அண்ணன் கவர் கொடுத்தாங்களே, அவங்க கட்சிக்கா?" என்றாள்.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

மூன்று நாட்களுக்கு முன் நான் இல்லாத வேளையில் எங்கள் பகுதி இளைஞன் ஒருவன் வந்து, வீட்டில் உள்ள வாக்குகளை எண்ணி, கதவைத் திறந்த பேத்தியின் கையில் ஓர் உறையைக் கொடுத்துச் சென்றிருந்தான். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். உறை கொடுத்தது ஒரு கட்சி மட்டும் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளியும் அல்லன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். செய்யவில்லை. தெருவில் பகையை விலைக்கு வாங்குவானேன் என்ற அச்சம். உறை அலமாரியின் மேல் கிடந்தது. செலவழிக்கவில்லை என்பதே போதுமான ஒழுக்கம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வாங்குபவரும் குற்றவாளியே என்பதைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. அன்று அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171-பி பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவு. இந்நோய் எவ்வளவு பெரிது என்பதற்கு, 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப்புழக்கத்தின் காரணமாக இரத்து செய்யப்பட்டதே சான்று.

குழந்தையைத் தேர்தலுக்கு அழைத்துச் செல்லலாமா என்று அந்த இளந்தந்தை கேட்டார். என் பேத்தி மூன்று நாட்களுக்கு முன்னரே தேர்தலுக்குச் சென்றுவிட்டாள். வாக்குச்சாவடியின் வாசலில் அவளை நிறுத்த ஓர் அலுவலர் இருந்தார். என் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டியவன் நான். அறப்பொருளான பேரீச்சம்பழம் ஒன்றைச் சிறுவரான ஹஸன் (ரலி) வாயில் இட்டுக்கொண்டபோது, அதைத் துப்பும்படி செய்து, நாம் அதை உண்பதில்லை என்பது தெரியாதா என்று பாட்டனாரான பெருமானார் (ஸல்) கேட்டார்கள். குழந்தைதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகள் நடத்தியிருப்பேன்!

மறுநாள் காலை பேத்தியை அழைத்துக்கொண்டே அந்த இளைஞனின் வீட்டுக்குச் சென்றேன். உறையை அவன் கையில் வைத்தேன். அவன் கோபப்படவில்லை, குழம்பினான். "எல்லார் வீட்லயும் வாங்கிட்டாங்க ஹஜ்ரத். இப்ப உங்க ஒரு வீட்டுக் கணக்கு எனக்கு எப்படி டேலி ஆகும்?" என்று தலையைச் சொறிந்தான். நேர்மைக்கு அவனுடைய கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. வாங்கி வைத்துக்கொண்டான். சில வாரங்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தான், பிறகு சரியாயிற்று. புகார் அளிக்கவேண்டியதும் என் கடமையே. பறக்கும் படை இருந்தது. கைப்பேசியிலேயே புகார் அளிக்க சிவிஜில் செயலியும் இருந்தது. நான் அளிக்கவில்லை. அந்தத் துணிவு எனக்கு வரவில்லை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று வீடு திரும்பியதும் பேத்தி நேரே அடுக்களைக்குச் சென்று, "நன்னி, நன்னா யாருக்குப் போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். மணமான நாள்முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல்நாள் இரவு, இன்ன சின்னத்தில் போடு என்று நான் சொல்வதும் அவள் தலையசைப்பதும் வழக்கம். வாக்கு என்பது சாட்சியம், பரிந்துரை, பிரதிநிதித்துவம் என்னும் மூன்று தன்மைகளை உடையது என முஃப்தி முஹம்மது ஷஃபீ (1897–1976) விளக்கியிருப்பதை மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறேன். சாட்சியம் என்றால் கண்டவர் கூறுவது. பிறர் கண்ணைக் கடன் வாங்கிச் சாட்சி கூறுவது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. என் வீட்டில் மட்டும் செல்லும் என்று எப்படி எண்ணினேன்? தடுமாறி, "இனி நீயே பார்த்துப் போடு. இதுவரை நான் சொன்னது தவறு" என்றேன்.

"நீங்க சொன்னதுக்குத்தான் இத்தனை வருஷமும் போட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். அட்டை மறைப்பு எவரிடமிருந்து எவரைக் காக்கிறது என்ற ஆராய்ச்சியில் நான் கடைக்காரரை எண்ணினேன், கட்சிக்காரனை எண்ணினேன், என்னை எண்ணியதில்லை.

அதே தேர்தலில் மே மாதம் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. போபாலை அடுத்த பெரசியாவில் ஒரு தந்தை தம் சிறுவயது மகனை மறைப்புக்குள் அழைத்துச் சென்று பொத்தானை அவன் விரலாலேயே அழுத்தச் செய்து, அதைக் காணொளியாகவும் எடுத்து வெளியிட்டார். தந்தை மீது வழக்கு. சாவடி அலுவலர் பணியிடை நீக்கம். அத்தந்தையைத் தீயவர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. பாசமும் பெருமிதமும்தான், நானும் வாசலில் அதைக் கொண்டே வாதிட்டேன். ஆனால் அச்சிறுவன் கற்றது என்ன? வாக்கு என்பது அத்தாவின் பொருள், வேண்டியவருக்கு விளையாடக் கொடுக்கலாம் என்பதையே. அதே ஆண்டு பிப்ரவரியில் தேர்தல் ஆணையம், பரப்புரையில் குழந்தைகளை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது எனக் கட்சிகளை எச்சரித்திருந்தது. கொடி பிடிக்கவும் முழக்கமிடவும் குழந்தையை இழுத்துச் செல்வோரைப் பற்றி எழுத வேறோர் இதழ் வேண்டும்.

அழைத்துச் செல்வதே தவறு என்று நான் கூறவரவில்லை. நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிகா நாட்டில் குழந்தைகள் பெற்றோரோடு வாக்குச்சாவடிக்குச் செல்வதைக் கண்டு வியந்த அமெரிக்கர் சிலர், 1988-இல் அரிசோனா மாநிலத்தில் சிறுவர்க்கெனத் தனியே விளையாட்டு வாக்குப்பதிவு நடத்தத் தொடங்கினர். குழந்தைக்குத் தனிச் சீட்டு, தனிப் பெட்டி. பெரியவர் வாக்கில் அது கலக்காது. தன்னுடையதைத் தானே மறைத்துக்கொள்ளவும் குழந்தை பழகும். நம் பள்ளிகளில் வகுப்புத் தலைவருக்கு நடக்கும் தேர்தலை, கையைத் தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொன்னாலே இதில் பாதி கிடைத்துவிடும்.

இளம்பருவத்தில் இரகசியம் காத்தவர் என்று அனஸ் (ரலி) அவர்களைக் கூறுவர். சிறுவரோடு விளையாடிக்கொண்டிருந்த அவரைப் பெருமானார் (ஸல்) ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாய் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்க, அது இரகசியம் என்றார் சிறுவர். தாய் துருவிக் கேட்கவில்லை. அவ்வாறாயின் அதை எவரிடமும் கூறாதே என்றார். மகனிடம் அறியும் உரிமை தாய்க்கு இல்லையா? உண்டு. அந்த உரிமையை அவர் அங்கே மடித்து வைத்துவிட்டார். பேத்தியிடம் இதைக் கதையாகக் கூறினேன். "அப்ப நானும் பெரியவளானா உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள். சரி என்றேன். சொல்லும்போது சற்றே வலித்தது.

பைஅத் மறுக்கப்பட்ட சிறுவர் அப்துல்லாஹ் இப்னு ஹிஷாமின் பிற்கால வாழ்வைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. பாட்டனாரான பின் அவர் தம் பேரன் ஸுஹ்ராவைச் சந்தைக்கு அழைத்துச் செல்வார், தானியம் வாங்குவார். வழியில் இப்னு உமரும் இப்னு ஸுபைரும் (ரலி) அவரைச் சந்தித்து, உம் வாணிகத்தில் எங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும், உமக்காகப் பெருமானார் அருள்வளம் வேண்டியிருக்கிறார்கள் என்பர். அந்த இப்னு ஸுபைர்தான் ஏழெட்டு வயதில் பைஅத் ஏற்கப்பட்ட சிறுவர். ஏற்கப்பட்டவர், மறுக்கப்பட்டவரிடம் வந்து பங்கு கேட்கிறார்! இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? உடன் சென்ற பேரன் ஸுஹ்ரா அறிவித்ததால் தெரியும். தம் பாட்டனாருக்குச் சிறுவயதில் நேர்ந்த அந்த மறுப்பையும் அவரே அறிவிக்கிறார்.

அந்த இளந்தந்தையைப் பின்னொரு வெள்ளியன்று தேடிக் கண்டேன். என் விடையைத் திருத்திக்கொள்கிறேன் என்றேன். அழைத்துச் செல்லுங்கள், வாசற்படி வரை என்றேன். தம் மகனை எவரும் தடுக்கவில்லை என்றும், உள்ளேயே சென்றான் என்றும் அவர் கூறினார். பையன் அருகில் நின்றான். அவன் ஏதோ கூற வாயெடுத்ததைக் கண்டு, வேண்டாம் என்று அவன் வாயை மெல்லப் பொத்தினேன்.